கடைசி ஏழு கிலோமீட்டர்

மூன்று மாநிலங்கள் சந்திக்கும் குப்பத்தில் வண்டி வாங்கப் போகிறவர், ஷோரூமுக்குள் நுழைவதற்கு முன் தன் ஊர்ச் சாலையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பொழுது இன்னும் விடியவில்லை. குப்பம் ரயில் நிலையத்தை நோக்கி நாலா பக்கத்திலிருந்தும் ஒற்றை விளக்குகள் வந்துகொண்டிருக்கின்றன. சில சீராக வருகின்றன. சில, பள்ளத்துக்குப் பள்ளம் மங்கி மீண்டும் எரிகின்றன. மோட்டார் சைக்கிள்கள், மொபெட்டுகள், பின்சீட்டில் சாப்பாட்டுப் பையை அணைத்தபடி இன்னொருவர். வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, டோக்கனைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு எல்லோரும் ஓடுவது பெங்களூர் ரயிலைப் பிடிக்க. கட்டட வேலை, கம்பெனி வேலை, காவல் வேலை என்று காத்திருக்கும் நகரம் அது. திரும்பி வரும்போது மறுபடியும் இருட்டியிருக்கும்.

ஆந்திரப் பிரதேசத்தின் தென்மேற்கு மூலையில், சித்தூர் மாவட்டத்தின் வால் போல நீண்டு கிடக்கிறது குப்பம். ஒரு பக்கம் கர்நாடகம், மறுபக்கம் தமிழ்நாடு. மாவட்டத் தலைநகரான சித்தூருக்குப் போக நூறு கி.மீ.க்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். கிருஷ்ணகிரியும் கோலார் தங்கவயலும் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரம்தான். டீக்கடையில் தெலுங்கில் ஆரம்பிக்கும் பேச்சு தமிழில் தொடர்ந்து கன்னடத்தில் முடிவது இங்கே அதிசயமல்ல. திராவிடப் பல்கலைக்கழகம் 1997-ல் இந்த ஊரில் அமைந்தது பொருத்தம்தான்.

அரசியலிலும் பெயர் பெற்ற ஊர். 1989-லிருந்து 2024 வரை நடந்த எட்டுச் சட்டமன்றத் தேர்தல்களிலும் சந்திரபாபு நாயுடுவைத் தேர்ந்தெடுத்த தொகுதி. மதனப்பள்ளி, பலமநேர் வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 42 இங்கேதான் கடக்கிறது. ஆனால் வண்டியையும் ஆளையும் சோதிப்பது நெடுஞ்சாலை அல்ல. அதை விட்டு இறங்கிய பிறகு, கிராமத்து வீடு வரை உள்ள கடைசி ஏழெட்டு கிலோமீட்டர்தான்.

ரயிலோடு போட்டி வேண்டாம்

முதல் வேலையில் சேர்ந்த இளைஞனுக்கு ஒரு கனவு இருக்கும்: நல்ல பைக் வாங்கி நேராகப் பெங்களூருக்கே போய் வந்துவிடலாம். தூரம் நூறு கி.மீ.க்குச் சற்று மேல். கணக்குப் போட்டுப் பார்த்தால் கனவு கலையும். தினம் 200 கி.மீ., ஆண்டுக்கு 300 நாள் என்றால் 60,000 கி.மீ. லிட்டருக்கு 60 கி.மீ. கொடுக்கும் வண்டி என்றாலும் 1,000 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே ஒரு லட்சம் ரூபாய். டயர், செயின், ஆயில் தனி. முதுகுவலிக்கு ரசீது கிடையாது.

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட் வரை 1864-லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. குப்பம் அந்தப் பாதையில் இருப்பது ஊருக்கு வாய்த்த அதிர்ஷ்டம். மாதாந்திர சீசன் டிக்கெட்டை 150 கி.மீ. வரை ரயில்வே தருகிறது. இரண்டாம் வகுப்புக்குச் செலவு சில நூறு ரூபாய்தான். 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு தங்கவயலின் தமிழ்க் குடும்பங்கள் பிழைத்ததும் இதே போலப் பெங்களூர் ரயிலை நம்பித்தான். உட்கார இடம் கிடைக்காது, ரயில் தாமதமாகும், நின்றே போக வேண்டும். ஆனாலும் நூறு கி.மீ. தூரத்தை நூறு பேரோடு கடப்பது ஒற்றை ஆளாக லாரிகளுக்கு நடுவே கடப்பதைவிடப் பத்திரம்.

எனவே சொந்த வண்டி செய்ய வேண்டிய வேலை சுருங்குகிறது: வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து வீடு. போக ஏழு, வர ஏழு என்றால் ஆண்டுக்கு 4,200 கி.மீ. எழுபது லிட்டர் பெட்ரோல். இந்தத் தூரத்துக்கு வேகம் தேவையில்லை. வேறு சில குணங்கள் தேவை.

பள்ளத்தின் கணக்கு

குப்பம் பகுதி கிரானைட்டுக்குப் பெயர் போனது. கல் ஏற்றிய லாரிகள் போகும் கிராமச் சாலை எத்தனை நாள் தாங்கும்? அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958-லிருந்து 1960 வரை நடந்த சாலைச் சோதனை இதற்கு ஒரு விதி கண்டது. அச்சின் மீதுள்ள பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கல்ல, சுமார் பதினாறு மடங்கு. நூற்றுக்கணக்கான மொபெட்டுகள் செய்யாததை ஒரு கல் லாரி செய்துவிடும். பள்ளம் தோண்டுவது லாரி. அதில் விழுவது மொபெட்.

பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கிய பிறகு நாடெங்கும் ஏராளமான கிராமங்களுக்குத் தார்ச்சாலை வந்தது. அந்தச் சாலைகளின் தார்ப்பரப்பு பெரும்பாலும் 3.75 மீட்டர் அகலம்தான். எதிரே டிராக்டர் வந்தால் இரு சக்கர வண்டிக்காரர்தான் மண் ஓரத்தில் இறங்க வேண்டும். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே நாலு விரல் உயரப் படி விழுந்திருக்கும். சாகசம் எல்லாம் அந்தப் படியில்தான்.

இங்கேதான் சக்கரம் முக்கியமாகிறது. பத்து அங்குலச் சக்கரம் கொண்ட ஸ்கூட்டர் நகரத்துக்குச் செல்லப் பிள்ளை. சிறு சக்கரம் பள்ளத்துக்குள் முழுசாக இறங்கும். அந்த அதிர்ச்சி கைப்பிடி வழியாகத் தோளுக்கு ஏறும். பதினாறு அங்குல மொபெட் சக்கரமோ பதினெட்டு அங்குல மோட்டார் சைக்கிள் சக்கரமோ அதே பள்ளத்தின் மேல் உருண்டு போய்விடும். வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியும் அப்படித்தான். விளம்பரத்தில் கண்ணில் படாத இந்த எண்ணைத்தான் குப்பத்துக்காரர் முதலில் கேட்க வேண்டும்.

எடையும் கவனிக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் செம்மண் பாதை சேறாகி வண்டி சிக்கினால், கனமான பைக்கைத் தூக்க நாலு பேர் வேண்டும். மொபெட்டை இரண்டு பேர் தூக்கி ஓரம் வைத்துவிடலாம்.

யார் சரி பண்ணுவார்?

வண்டித் தொழிற்சாலைகளின் நடுவே இருக்கிறது குப்பம். கிருஷ்ணகிரியைத் தாண்டினால் ஓசூர். அங்கே 1980-ல் பிறந்தது டிவிஎஸ் 50. இரண்டு பேர் உட்காரலாம், நடுவே அரிசி மூட்டை வைக்கலாம், பின்னால் பால் கேன் கட்டலாம். கிராமத்து மாட்டு வண்டியின் பாதி வேலையை அது எடுத்துக்கொண்டது. அதன் வழித்தோன்றலான எக்ஸ்எல் 100 நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு 2015-ல் வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் 2021-ல் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது.

ஆனால் தொழிற்சாலை அருகில் இருப்பது வேறு, மெக்கானிக் அருகில் இருப்பது வேறு. ரயிலை விட்டால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் உள்ளவருக்கு ஒரே கேள்விதான்: நின்றுபோன வண்டி அரை மணி நேரத்தில் கிளம்புமா? கம்பிச் சக்கரம் வளைந்தால் ஊர் மெக்கானிக் கம்பிகளை முறுக்கி நேராக்கிவிடுவார். அலாய் சக்கரத்தில் விரிசல் விழுந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். கிளட்ச் கேபிளும் பிரேக் ஷூவும் எந்தக் கடையிலும் தொங்கும். கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்க்க வேண்டிய கோளாறு என்றால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும், அதற்கு ஒரு நாள் லீவு.

மின்சார வண்டியைத் தள்ளிவிட முடியாது. தினம் பதினாலு கி.மீ. ஓட்டம் என்பது அதற்காகவே அளந்து வைத்த தூரம். இரவில் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றலாம். ஆந்திரத்தில் பெட்ரோல் விலை பல ஆண்டுகளாகவே இரண்டு அண்டை மாநிலங்களையும்விட அதிகம் என்பது இன்னொரு தூண்டுதல். ஆனால் சிறிய சக்கரம், பேட்டரி மாற்றும் செலவு, பழுது பார்க்கும் இடத்தின் தூரம் மூன்றையும் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுப்பது நலம்.

எல்லையோர ஊருக்கே உரிய ஒரு வலையும் உண்டு. பெங்களூரில் வேலை செய்பவர் அங்கேயே மலிவாகப் பழைய வண்டி ஒன்றை வாங்கி கர்நாடக எண்ணோடு ஊருக்கு ஓட்டி வந்துவிடுவார். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு மாநிலத்து வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் ஆட்சேபணையில்லாச் சான்றிதழ் வேண்டும், புது மாநிலத்தின் வரி கட்ட வேண்டும். பெயரும் மாற்றாமல் ஓட்டி, ஒரு விபத்து நேர்ந்துவிட்டால் மலிவாக வாங்கிய வண்டி எவ்வளவு விலை என்று அன்றுதான் தெரியும்.

எல்லையில் நிற்கும் இலவசம்

பெண்களின் கணக்கில் பஸ்ஸும் சேர்கிறது. தமிழ்நாடு 2021-லும் கர்நாடகம் 2023-லும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் பயணத்தைக் கொண்டுவந்தன. ஆந்திரம் 2025 ஆகஸ்ட் 15-ல் ஸ்திரீ சக்தி திட்டத்தைத் தொடங்கியது. குப்பத்துப் பெண் பலமநேருக்கும் சித்தூருக்கும் காசில்லாமல் போகலாம். ஆனால் வேலை இருப்பது பெரும்பாலும் மறுபக்கம். மாநில எல்லை தாண்டும் பஸ்களுக்குச் சலுகை இல்லை. கர்நாடகத்தின் திட்டம் அந்த மாநிலத்துப் பெண்களுக்கே. இலவசம் ஒரு திசையில், பிழைப்பு இன்னொரு திசையில்.

இரவில் ஒரு விளக்கு

குப்பத்தில் வண்டி தேடுகிறவர் பார்க்க வேண்டிய இன்னொரு உறுப்பு முகப்பு விளக்கு. காரணம், யானை. 1980-களில் தெற்கிலிருந்து யானைகள் சித்தூர்க் காடுகளுக்கு மீண்டும் வந்தன. அவற்றுக்காக 1990-ல் கௌண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டோரக் கிராமங்களில் பயிர் நாசமும் உயிர்ச் சேதமும் தொடர்கதை. 2025 மே மாதம் கர்நாடகம் நான்கு கும்கி யானைகளை ஆந்திரத்திடம் ஒப்படைத்தது அதனால்தான்.

பழைய மொபெட்டின் விளக்கு எஞ்சின் சுழற்சியிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுப்பது. எஞ்சின் வேகமாகச் சுழன்றால் வெளிச்சம், மெதுவானால் மினுக்கு. பள்ளத்துக்காகவோ வளைவுக்காகவோ வேகத்தைக் குறைக்கும்போது, அதாவது எதிரே என்ன நிற்கிறது என்று கட்டாயம் தெரிய வேண்டிய நொடியில், விளக்கு அணைவது போல மங்கும். விடியற்காலையிலும் முன்னிரவிலும் மட்டுமே ஓடுகிற வண்டிக்கு இதைவிடப் பெரிய குறை இல்லை. பழைய வண்டி வாங்குகிறவர் அதைப் பகலில் அல்ல, இரவில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வேனிலிருந்து பைக்குக்கு

பெரிய வண்டியே நல்ல வண்டி என்ற எண்ணத்துக்குக் குப்பத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. ஊருக்கு அருகே குடிவங்காவில் 172 ஏக்கரில் இருக்கிறது அகஸ்தியா இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷனின் வளாகம். 1999-ல் தொடங்கிய இந்த அமைப்பு, அறிவியல் சோதனைக் கருவிகளை வேனில் ஏற்றி அரசுப் பள்ளிகளுக்கு எடுத்துச் செல்கிறது. சோதனைச் சாலையையே பார்த்திராத பிள்ளைகள் அதைத் தங்கள் பள்ளி வாசலில் பார்த்தார்கள். ஆனால் வேன் நுழைய முடியாத பாதைகளும் இருந்தன. எனவே கருவிகள் பெட்டிகளுக்குள் அடங்கின. பெட்டிகள் மோட்டார் சைக்கிளில் ஏறின. இந்த யோசனை 2013-ல் கூகுள் இம்பாக்ட் சேலஞ்சில் மூன்று கோடி ரூபாய் பரிசு பெற்றது. சாலை அகலமாகட்டும் என்று காத்திருக்காமல், சாலைக்கு ஏற்ற வண்டியைத் தேடியதன் பலன் இது.

தனி மனிதருக்கும் அதே பாடம்தான். பெரிய சக்கரம், குறைந்த எடை, பக்கத்துக் கடையில் கிடைக்கும் உதிரிபாகம், மங்காத விளக்கு. பளபளப்பும் தவணையும் இவற்றுக்குப் பிறகே. ஆனால் வண்டியைக் கவனமாகத் தேர்ந்தெடுத்துவிட்டதாலேயே சாலையை மறந்துவிடக் கூடாது. பள்ளத்தைத் தாங்கும் வண்டி வாங்க மக்கள் பழகிவிட்டார்கள் என்பது பள்ளத்தை அப்படியே விட்டுவைக்கக் காரணமாகாது.

இருட்டிவிட்டது. பெங்களூர் ரயில் குப்பத்தில் நிற்க, பிளாட்பாரம் ஒரு நிமிடம் நிரம்பிக் காலியாகிறது. ஸ்டாண்டில் டோக்கன்கள் கைமாறுகின்றன. கிக்கர்கள் உதைபடுகின்றன. நூறு கி.மீ. முடிந்துவிட்டது. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து அவரவர் கிராமத்துச் சாலையில் இறங்குகின்றன.