பாஸ்போர்ட்டில் விழாத முத்திரை

பாயான் பாருவில் குடியிருக்கும் தமிழ்நாட்டுப் பொறியாளருக்குப் பினாங்கு என்பது பெரும்பாலும் மூன்றே இடங்கள்: அடுக்குமாடி வீடு, பாயான் லெப்பாஸில் கம்பெனி, ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா. இதில் அவர் குற்றம் அதிகமில்லை. 1972இல் சுதந்திர வர்த்தக வலயம் வந்து, இன்டெல் மாதிரி நிறுவனங்கள் உள்ளே நுழைந்து, அங்கே ஷிப்ட் பார்ப்பவர்களுக்காக எழுந்த ஊர் பாயான் பாரு. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே போய்வரவே போட்ட தெருக்கள். பத்து வருஷம் இருந்தும், ரெலாவ் பக்கமிருந்து துன் சர்டோன் சாலை மலையேறிப் பாலிக் பூலாவின் டுரியான் தோப்புகளில் இறங்குவதைக் கண்டிராதவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர் ஒருமுறையாவது, முறையாக நடத்தப்படும் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம் ஒன்றில் பெயர் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. உடம்பு இளைப்பதற்காக அல்ல. அதற்கு ஜிம் போதும். பிழைக்க வந்த நாட்டை எழுத்துக்கூட்டிப் படிக்க இதைவிடக் கறாரான வாத்தியார் இல்லை என்பதற்காக.

நான் சொல்வது பந்தயமல்ல, ஆடாக்ஸ் என்ற வகை. துணிச்சல்காரர் என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. 1897இல் சில இத்தாலியர்கள் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு 230 கி.மீ. தூரத்தைப் பொழுது சாய்வதற்குள் மிதித்து முடித்ததில் பிறந்த வழக்கம், 1904இல் பாரிஸில் கிளப்பாக வேரூன்றி, இன்று மலேசியாவிலும் நடக்கிறது. முறையான தொடக்கத் தூரமே 200 கி.மீ. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கணக்குப் போட்டால், ஓய்வும் சாப்பாடும் சேர்த்து மணிக்கு 15 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. முதல், இரண்டாம் என்ற வரிசை கிடையாது. வேகமாகப் போனாலும் லாபமில்லை: கன்ட்ரோல் எனப்படும் முத்திரை நிலையங்கள் குறிப்பிட்ட நேரத்துக்கு முன் திறப்பதில்லை, முந்தி வந்தவர் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அலுவலகத்தில் வருஷா வருஷம் தர வரிசைக்கு உட்பட்டே பழகிப்போன நம்மவருக்கு இது விசித்திரமான விடுதலை.

ஆனால் என் வாதத்துக்கு உயிர் கொடுப்பது வேறு இரண்டு விதிகள். வீட்டுக்கார் பின்னாலேயே வந்து தண்ணீர் நீட்டக்கூடாது. கன்ட்ரோலுக்கு வெளியே தன் கையே தனக்குதவி, அல்லது வழியில் இருக்கும் கடை. இரண்டாவது, ஆள் நிறுத்த முடியாத இடங்களில், முத்திரை வாங்கும் அட்டையில் ஒரு கேள்வி அச்சாகியிருக்கும்: எதிரே உள்ள பலகையில் என்ன எழுதியிருக்கிறது, பள்ளிக்கூடத்தின் சுவர் என்ன நிறம். இல்லாவிட்டால் கடை ரசீது. ஆக, பங்க்சர் ஒட்டிய கறுத்த விரலோடு ஒரு கிராமத்துச் சந்தியில் நின்று மலாய்ப் பலகையை வாசித்து எழுத வேண்டியிருக்கிறது. பாலில்லாத குளிர்தேநீரான தே ஓ ஐஸ் வாங்கி, ரசீது கேட்டு, அதில் மணி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. 'கெடாய்' என்று எழுதியிருப்பது நம் 'கடை'தான் என்பது அங்கே நிற்கும்போது உறைக்கும் அளவுக்கு அகராதியில் உறைக்காது. பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே நெல்வயல்களூடே பூஜாங் பள்ளத்தாக்கு ஒருநாள் மிதிப்புக்குள் அடங்கும் தூரம். கடாரம் என்று பாடப்புத்தகத்தில் படித்துப் பெருமைப்பட்ட மண் அதுதான். பெருமையோடு போய்ச் சேருபவருக்கு அங்கே முதலில் தேவைப்படுவது தண்ணீர்.

இதை எதிர்ப்பவர்கள் சொல்வதில் வலுவுள்ளது, இது வசதிக்காரர் விளையாட்டு என்பது. ஒப்புக்கொள்ள வேண்டியதே. இந்த நாட்டில் தமிழருக்குச் சைக்கிள் பொழுதுபோக்காக வந்ததில்லை; தோட்டத்தில் வேலைக்குப் போன வண்டி அது, ரொட்டிக்காரர் பெட்டி கட்டி விற்ற வண்டி. அதிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு ஏறியதை அந்தக் குடும்பங்கள் முன்னேற்றமாக எண்ணுவது நியாயம். புதிதாக வந்த நாம் ஒரு மோட்டார் சைக்கிள் விலையில் கார்பன் சைக்கிள் வாங்கி இறுக்கமான சட்டையில் கிளம்பினால் அவர்களுக்குச் சிரிப்பு வராதா? வரட்டும். விதி முக்கியமாகக் கேட்பது மனித உழைப்பில் ஓடும் வண்டியும், இருட்டுக்கு விளக்கும், பளிச்சிடும் மேலங்கியும்தான். கார்பன் நம் ஆசை, விதியின் நிபந்தனையல்ல.

தனியாகவே போகலாமே, எதற்குக் கூட்டமும் கட்டணமும் என்பார்கள். அதற்குப் பதில் புதுக்கோட்டையில் இருக்கிறது. 1992 மகளிர் தினத்தன்று அங்கே 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். அறிவொளி எழுத்தறிவு இயக்கமும் அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தும் அதற்குப் பின்னால் இருந்தார்கள். தனியாக ஒருத்தி மிதித்தபோது கேலி செய்த தெரு, ஆயிரம் பேர் வந்தபோது ஒதுங்கி வழிவிட்டது. தெருவில் தனக்கு உரிமை உண்டா என்று சந்தேகப்படுபவருக்குக் கூட்டம் தேவை, வெளிநாட்டவருக்கு இன்னும் அதிகமாகத் தேவை. தைப்பூசத்தில் பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடப்பவர்கள் நாம், சாலை நமக்குப் புதிதா என்று கேட்கலாம். அன்று சாலையே நமக்காக ஒதுங்குகிறது, தண்ணீர்ப் பந்தலில் நிற்பதும் பெரும்பாலும் நம்மவர்தான். சைக்கிள் ஓட்டத்தில் சாலை வழக்கம்போல் லாரியோடு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த லாரிதான் எளிதில் ஒதுக்க முடியாத ஆட்சேபம். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், பின்னிரவில் மாற்றியமைத்த சைக்கிள்களில் போன எட்டுச் சிறுவர்கள் கார் மோதி இறந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட எந்த மனைவியும் மறுப்புச் சொல்வார், சொல்ல வேண்டும். ஏற்பாடு செய்த ஓட்டத்திலும் ஆபத்து ஒழிவதில்லை. விளக்கு கட்டாயம், பாதை முன்கூட்டியே தெரியும், பின்னால் வருபவர் நின்று கேட்பார் என்ற அளவுக்குக் குறைகிறது. 1982இல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளியதால் பினாங்கில் விடிவதே ஏழு மணிக்கு. காலை ஆறுக்குக் கிளம்புபவர் முதல் ஒரு மணி நேரத்தை இருட்டில் மிதித்தே ஆக வேண்டும். துணையில்லாமல் அந்த ஒரு மணி நேரத்தை நானே யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒருநாள் மிதித்தால் யாரும் குடிமகனாகிவிட மாட்டார் என்பதும் சரி. வேலை அனுமதி முடிந்தால் கிளம்ப வேண்டியவர் கிளம்பத்தான் வேண்டும், அட்டையில் எத்தனை முத்திரை இருந்தாலும். ஆனால் ஒரு வேடிக்கை. 1985இல் திறந்த 13.5 கி.மீ. பினாங்குப் பாலத்தில் சைக்கிளுக்கு இடமில்லை. அந்தப் பாலம் வருமுன் தீவுக்கும் அக்கரைக்கும் இடையே ஒரே வழியாக இருந்த படகுச் சேவை 2021 முதல் காரை ஏற்றுவதில்லை, சைக்கிளை ஏற்றுகிறது. தீவிலிருந்து 200 கி.மீ. ஓட்டத்துக்காக அக்கரை போகிறவர் அங்கே மோட்டார் சைக்கிள் வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்த்து எங்கே போகிறாய் என்று மலாயில் கேட்பார். அதற்கு மலாயிலேயே பதில் சொல்லியாக வேண்டும்.