ஸ்பேர் எங்கே இருக்கிறது?

'கிளவுட்' என்றதும் வானத்தில் மிதக்கிற சமாசாரம் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கோ ஒரு கட்டடத்தில் வரிசையாக நிற்கும் கம்ப்யூட்டர்கள்தான். நாம் கேஸ் புக் பண்ணுவதும் பணம் அனுப்புவதும் இப்படிப்பட்டவற்றின் தயவில்தான்.

அவற்றில் எது கெட்டாலும் வேலை நிற்காதபடி திட்டமிடத் தெரியுமா என்று பார்க்க அமேசான் ஒரு பரீட்சை வைக்கிறது. 'சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்' என்று பெயர். 65 கேள்விகள், 130 நிமிஷம், ஆயிரத்துக்கு 720 எடுத்தால் பாஸ். கட்டணம் 150 டாலர், வரி வேறு! பிரசவத்துக்காக வேலையை விட்டு நாலு வருஷமாகிவிட்டது. மறுபடி உள்ளே நுழைய எனக்கு இதுதான் வாசல். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டிவிட்டேன்.

பாடம் ஒன்றும் நமக்குப் புதிதல்ல. எதுவும் ஒருநாள் கெடும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பேர் சிலிண்டர் இல்லாமல் நாம் இருப்போமா? ஆனால் ஸ்பேரும் அதே சமையலறையில் இருந்து, அங்கே தீப்பிடித்தால்? அதனால்தான் மும்பையில் அமேசானின் நிலையங்கள் மூன்று தனித்தனிப் பகுதிகளாக, தனித்தனி மின்சார ஏற்பாட்டுடன் இருக்கின்றன. ஒன்றில் இருக்கும் டேட்டாபேஸின் நகலை இன்னொன்றில் தயாராக நிறுத்தி வைக்கலாம். முதலாவது விழுந்தால் ஓரிரு நிமிஷத்தில் அது பொறுப்பேற்றுக்கொள்ளும். மும்பையே முடங்கினால் என்ன செய்வது என்பவர்களுக்கு 2022 முதல் ஹைதராபாதும் உண்டு.

ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமனாரிடம் இதைச் சொன்னேன்.

"ஊட்டி ரயில் எஞ்ஜினுக்கு ஒரே பிரேக்குன்னா நினைச்சே? தனித்தனியா வேலை செய்யற மாதிரி பல பிரேக் இருக்கும்மா" என்று சிரித்தார். அந்த மலை ரயிலுக்குப் புது நீராவி எஞ்ஜின் செய்து கொடுத்ததும் எங்கள் பொன்மலைதான். அவருக்கு அந்தப் பெருமை!

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு விஷயம். குழந்தை போனில் ஒரு படத்தை அழித்தால், அதோடு இணைத்த இன்னொரு போனிலும் அது போய்விடுகிறதல்லவா? தயார் நகலும் அப்படித்தான். தவறுதலாக அழித்ததையும் அப்படியே பின்பற்றிவிடும். நேற்றைய நிலையைத் தனியே எடுத்து வைக்கும் பேக்கப் வேண்டும். வைத்தால் மட்டும் போதாது, அவ்வப்போது திருப்பி எடுத்தும் பார்க்க வேண்டும்.

செலவுக் கணக்கும் உண்டு. பாங்குக்குச் செய்கிற ஏற்பாட்டை முறுக்குக் கடைக்குச் செய்தால் விடை தப்பு.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது. நாலு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நடக்கிற காரியமா? சென்டருக்கே போவதாக முடிவு செய்துவிட்டேன். அன்று அவனை அத்தை பார்த்துக்கொள்வார். அத்தைக்கு மூட்டுவலி வந்துவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா.

"அதையும் ஒருதரம் ஓட்டிப் பாத்துடும்மா" என்றார் மாமா.

போன சனிக்கிழமை மூன்று மணி நேரம் அக்கா வீட்டில் விட்டேன். பத்து நிமிஷம் அழுதானாம். அப்புறம் அவர்கள் வீட்டுப் பூனையோடு விளையாடப் போய்விட்டானாம்.