பிரிப்பதற்கு முன் எடுக்கும் அளவு

மாவனல்லையிலிருந்து அரநாயக்க போகும் றோட்டோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கராஜ். மட்டமான சீமெந்துத் தரையில் அறுபதுகளில் வந்த வொக்ஸ்வாகன் கொம்பி வேன் நின்றது. வேனின் முன்பக்கம் தாழ்ந்து, சில்லுகள் மட்காட்டுக்குள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது கொழும்பிலிருக்கும் உரிமையாளரின் ஆசை. அதற்கு முன்பக்க பீமை 4 அங்குலம் ஒடுக்க வேண்டும். ஆனால் கராஜ் பாஸ் ஒரு நட்டைக்கூடத் தொடவிடவில்லை. முதலில் அளவு.

இந்த வேனின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. குறுக்கே, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்கள். இதுதான் பீம். ஒவ்வொன்றின் உள்ளேயும் கட்டாக அடுக்கிய உருக்குப் பட்டைகள். கட்டின் நடுப்பகுதி குழாயோடு இறுக்கப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் ‘ஆம்’ எனப்படும் கைகள். சில்லு மேடேறினால் ஆம் உயரும், பட்டைகள் முறுகிக்கொடுக்கும், பிறகு மீளும். பெர்டினண்ட் போர்ஷே முப்பதுகளில் வளர்த்தெடுத்த இந்த ஏற்பாடு பீட்டில் காருக்கு வந்து, 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கிய இந்த வேனுக்கும் வந்தது. 1967 ஆகஸ்டில் புது மொடல் வந்தபோதுதான் முன்சில்லுக்கு போல் ஜொயின்ட் வைத்தார்கள். நான் பார்த்தது அதற்கு முந்திய, கிங் பின்னும் லிங்க் பின்னும் உள்ள வண்டி. இதில் அளவெடுப்பது இன்னும் நுணுக்கமான வேலை.

அளவெடுத்தவர் பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் இளைஞர். ஆம் முனைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சோக்கால் புள்ளி வைத்தார். மேல் ஆமும் கீழ் ஆமும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று உருக்கு அடிமட்டத்தால் பார்த்து, இடம் வலம் பிரித்துக் கொப்பியில் எழுதினார். லிங்க் பின்னின் எந்தப் பக்கத்தில் எத்தனை சிம் (மெல்லிய வளையத் தகடு) போடுவது என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது. அது பிசகினால் சில்லு சரிந்து நிற்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

“பிரிச்சுப் போட்டா இந்தக் கணக்கு எங்கிட்டும் கிடைக்காது அண்ணே. இப்பவே எழுதிக்கணும்” என்றார்.

பீம் கழன்ற பிறகு வேர்னியர் வெளியே வந்தது. ஆமில் ஊசிப் பெயாரிங் ஓடும் இடத்தை ஒரு திசையில் அளந்து விட்டுவிடவில்லை. திருப்பித் திருப்பி அளந்தார். சுமை ஒரே பக்கமாக விழுவதால் தேய்வும் ஒரு பக்கமாகவே இருக்கும். வட்டம் முட்டை வடிவமாகிவிடும். அப்படித் தேய்ந்திருந்த ஆம் ஒன்றை ஒதுக்கி வைத்தார்.

4 அங்குலம் ஒடுக்குவது என்றால் பக்கத்துக்கு 2 அங்குலம். குழாயை வெட்டி ஒட்டுவதோடு வேலை முடியாது. பட்டைகளும் அந்த அளவுக்குக் குறைய வேண்டும். ஆமின் திருகு உட்காரும் குழியைப் புதிய இடத்தில் கடைய வேண்டும். அவசரப்பட்டுக் கடைந்தால் உருக்கு சூடேறி நீலம் பாயும், அதன் பதம் போய்விடும். நடுவிலிருந்து இரு சில்லுக்கும் போகும் டை ரொட்டுகளையும் சமமாகக் குறைக்க வேண்டும். பட்டை குட்டையானால் முறுக்கு விறைக்கும், பள்ளத்தில் விழும்போது அடி நேரே ஆசனத்துக்கு வரும். 2016 மே 17 அன்று சாமசர மலை சரிந்து கிராமங்களையே மூடிய பகுதி இது. மழைக்காலத்தில் றோட்டு எப்படியிருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த மலைப் பாதைகளில் ஓடப்போகும் வண்டியைத் தாழ்த்துவதும் ஒடுக்குவதும் வேண்டாத வேலை என்பதே என் எண்ணம். அப்படியும் செய்வதென்றால் இந்த இளைஞரைப் போல அளப்பவரிடம்தான் செய்ய வேண்டும்.

பில் எழுதும்போது பார்த்தேன். வெல்டிங், பெயாரிங், பெயின்ட் எல்லாம் இருந்தன. அளவெடுப்புக்கு ஒரு வரி இல்லை. அதற்குப் பணம் கேட்டால் சண்டைக்கு வருகிறார்களாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்துவிட்டார்கள். அவ்வளவு காலமும் பழைய வண்டிகளை ஓட வைத்தவர்களில் இப்படிப்பட்ட கைகளும் உண்டு. அந்த உழைப்பை இனாமாக வாங்குவது அநியாயம்.

பழைய வேன் வைத்திருப்பவர்களே, பில்லில் அளவெடுப்புக் கூலியைத் தனியாகப் போடச் சொல்லுங்கள், கொடுங்கள். அளவு எழுதிய தாளில் ஒரு பிரதி வாங்கி வண்டிப் புத்தகத்தோடு வையுங்கள். அடுத்து அந்த பீமைத் திறக்கப்போகிறவருக்கு அது கட்டாயம் தேவைப்படும்.