தென்கரை வீட்டுச் சிவப்புத் தரை

மன்னார்குடி ஹரித்ராநதித் தென்கரையில் நான் பிறந்து வளர்ந்த வீட்டின் ரேழியைக் கடந்து கூடத்தில் காலடி வைத்தபோது, இருபத்தேழு வருஷ காலமாக என் உள்ளங்கால்கள் எதிர்பார்த்திருந்த குளிர்ச்சி அங்கே இல்லை. பாட்டனார் காலத்தில் போட்டு, மூன்று தலைமுறைப் பெண்கள் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக்கிய சிவப்புச் சிமெண்டுத் தரை போய், வெளிறிய டைல்ஸ் வந்திருந்தது. நான் குனிந்து பார்ப்பதைக் கண்ட அண்ணன், பெரியப்பா மகன், “கஜா புயல்லே ஓடெல்லாம் பறந்து மழை கூடத்துக்குள்ளேயே கொட்டிச்சும்மா, தரை பொரிஞ்சு போச்சு, அப்புறந்தான் இதைப் போட்டோம்” என்றார். 2018 நவம்பரில் அந்தப் புயல் மன்னார்குடிச் சீமையின் தென்னைகளை வேரோடு சாய்த்த சேதியை நான் அறிவேன். அது எங்கள் கூடத்துத் தரையையும் கொண்டுபோயிற்று என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்தத் தரைக்காக நான் இவ்வளவு வருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆப்பிரிக்காவில் வெகுகாலம் வசித்தவள் என்று தெரிந்தால், சிங்கத்தையும் யானையையும் பற்றியே எல்லாரும் விசாரிக்கிறார்கள்; எனக்கோ அந்தக் கண்டத்தை நினைத்த மாத்திரத்தில் கண்ணில் எழுவது, ஸாம்பியா தேசத்துக் கிட்வே நகரில் அரசாங்கம் எங்களுக்குக் கொடுத்திருந்த வீட்டின் தாழ்வாரமும், சனிக்கிழமை தவறாமல் ‘கோப்ரா’ மெழுகு தடவி, வீட்டு வேலைக்கு வந்த அம்மாள் முழந்தாளிட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்த அதன் சிவப்புச் சிமெண்டுத் தரையுந்தான். போய் இறங்கிய அன்று, பெட்டிகளை அவிழ்க்கவும் தோன்றாமல், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் சற்று நேரம் நின்றேன். கடல் கடந்து வந்த பயம் அப்போதுதான் சிறிது தணிந்தது.

நாங்கள் போனது 1973 மார்ச் மாதம். 1964 அக்டோபர் 24-ஆம் தேதி சுதந்திரம் பெற்றபோது, அந்தத் தேசம் முழுவதிலும் சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற சுதேசிகள் ஏறக்குறைய நூறு பேர்தாம் இருந்தார்கள் என்றால், அந்நியர் ஆட்சியிலும் கல்விக்குப் பஞ்சமில்லாதிருந்த தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு அது நம்பவும் கடினமாயிருக்கும். தாமே ஆசிரியராயிருந்தவரான ஜனாதிபதி கென்னத் கவுண்டா, உயர்நிலைப் பள்ளிகளை ஊர் ஊராகத் திறந்தார். அவற்றுக்கு வேண்டிய கணித, விஞ்ஞான உபாத்தியாயர்கள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரளாகப் போனார்கள். என் கணவர் அவர்களில் ஒருவர். நாங்கள் போவதற்கு இரண்டு மாதம் முன்னர்தான் தெற்கே ரொடீஷியாவின் எல்லை மூடப்பட்டிருந்தது. அதன் வழியே ரயிலில் வந்துகொண்டிருந்த சாமான்கள் நின்று, தார்-எஸ்-ஸலாம் துறைமுகத்திலிருந்து நெடுந்தூரம் லாரியில் வரவேண்டியதாயிற்று. சீனர்கள் அங்கிருந்து 1,860 கிலோமீட்டர் தூரம் ஓர் இருப்புப் பாதையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே என் குடித்தனம் தட்டுப்பாட்டிலேயே தொடங்கிற்று. ஒரு மாதம் எண்ணெய் கிடைக்காது. மறு மாதம் சோப்பு. சில சமயம் உப்பே கிடைக்காது. குஜராத்தி வியாபாரியின் கடையில் துவரம்பருப்பு வந்திருக்கிறது என்று ஒரு வீட்டுக்குத் தெரிந்தால், அரை மணியில் கிட்வேயிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் அத்தனைக்கும் தெரிந்துவிடும். ஆனி ஆடியில் அங்கே கடுங்குளிர். அரைத்து வைத்த இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்காது. வெந்நீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில் பாத்திரத்தை வைத்துக் கம்பளியைச் சுற்றி, குழந்தையைக் கவனிப்பதுபோல் இரவில் எழுந்து எழுந்து பார்ப்பேன். சந்தையில் ‘இம்ப்வா’ என்று ஒரு சிறு காய் குவித்திருப்பார்கள்; கத்திரி இனந்தான், ஆனால் கசப்பு. அதை மோரில் ஊறவைத்து உலர்த்தினால் வற்றல் குழம்பில் சுண்டைக்காயின் ஸ்தானத்தை அது முழுக்க ஏற்றுக்கொண்டது. கேழ்வரகும் அங்கே உண்டு. காட்டுமரங்களின் கிளைகளை வெட்டிப் பரப்பிக் கொளுத்தி, அந்தச் சாம்பலில் அதை விதைப்பது பெம்பா ஜனங்களின் பூர்விக வழக்கம். இப்படியாக, அந்த மண்ணில் விளைந்தவற்றைக் கொண்டே, மன்னார்குடியில் உள்ளவர்கள் கண்டால் அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய சாப்பாட்டைப் பதினான்கு வருஷம் விடாமல் சமைத்தேன்.

வேலைக்கு வந்த அந்த அம்மாளுக்கு முதல் நாள் மத்தியானம் வயிறாரச் சோறும் சாம்பாரும் போட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, இன்றைக்கு நான் இன்னும் சாப்பிடவில்லை என்று அவள் யாரிடமோ சொன்னது காதில் விழுந்து மனம் புண்பட்டது. பிறகுதான் விளங்கிற்று: வெள்ளைச் சோளமாவைக் கெட்டியாகக் கிளறிய ‘ந்ஷீமா’ என்னும் களியைத் தின்றால்தான் அவர்களுக்கு அது சாப்பாடு, மற்றதெல்லாம் பலகாரம். எங்கள் தாத்தா, கல்யாண வீட்டில் நான்கு பூரியைத் தின்றுவிட்டு வந்து, “சோறு ஒரு கவளமாவது போடு, சாப்பிடாமல் படுக்கிறதா?” என்று பாட்டியிடம் கேட்டதை நினைத்துக்கொண்டேன். அன்று முதல் எங்கள் அடுப்பில் ஒரு பக்கம் அவளுடைய களிச்சட்டி ஏறியது. அவள் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. மூத்த பிள்ளையின் பெயருக்கு முன்னால் ‘பனா’ என்று சேர்த்து, இன்னாருடைய அம்மா என்றே கூப்பிடுவாள். பெரியவர்களிடம் பன்மையில் பேசுவதும் பெம்பா பாஷையில் மரியாதை. தென்கரைத் தெருவில் என் தாயாரையும் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அழைத்தார்கள்.

மழையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் சொன்னது எதுவும் பூர்த்தியாகாது. காவிரிப் பாசனத்தில் பிறந்தவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. மேட்டூர் அணையில் எத்தனை அடி என்பதைத்தான் பார்ப்பார்கள். கிட்வேயை ஒட்டி கஃபுவே என்னும் பெரிய ஆறே ஓடிற்று; ஆனாலும் எங்கள் அக்கம்பக்கத்தார் கொல்லையில் சோளம் போட வானத்தையே நம்பியிருந்தார்கள். அக்டோபரில் ஜகராந்தா மரங்கள் ஊதாப் பூவாய்ச் சொரிந்து, வெயில் உச்சிக்கு ஏறி, பிறகு நம் ஐப்பசி அடைமழைக் காலத்தில் அங்கும் முதல் மழை விழும். அதுவரை அந்தப் பெண்கள் மண்வெட்டியைச் சாய்த்துவைத்துக்கொண்டு காத்திருந்த காத்திருப்பை அன்று நான் பரிதாபமாகப் பார்த்தேன். வாய்க்கால் வெட்டத் தெரியாத ஜனங்கள் என்று நினைத்த அந்த நினைப்புக்காக இன்று மிகவும் வெட்கப்படுகிறேன்.

ஒரு வருஷம் பங்குனியில், ஊரில் ராஜகோபாலசுவாமிக்குப் பதினெட்டு நாள் உத்ஸவம் நடக்கிற சமயத்தில், அதன் வெண்ணெய்த்தாழி நாளுக்குப் போக முடியவில்லையே என்று நான் அழுததைக் கண்டு, என் கணவர் மேற்கே மோங்குவுக்கு எங்களை அழைத்துச் சென்றார். ஸாம்பெசி ஆறு பெருகி அந்தச் சமவெளியையே கடலாக்கும்போது, லோஸி ஜனங்களின் அரசரான லிதுங்கா, லியலூயி என்னும் தாழ்ந்த இடத்திலிருந்து லிமுலுங்காவின் மேட்டுக்குக் குடிபெயர்வார். அதற்குக் குவோம்போகா, அதாவது நீரிலிருந்து வெளியேறுதல் என்று பெயர். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய நீண்ட படகு, முரசங்கள் அதிர, பல பத்துப் பேர் ஒரே தாளத்தில் துடுப்புப் போட, வெள்ளத்தின்மேல் வந்ததைக் கண்டபோது, ஆனித் தெப்பத்தன்று ஹரித்ராநதிப் படிக்கட்டில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவு வந்தது. அந்தச் சமவெளியில் நெல் விளைகிறது. மணமுள்ள மோங்கு அரிசியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தோம். அதில்தான் அவ்வருஷச் சித்திரைப் பிறப்புக்குப் பாயசம் வைத்தேன்.

1986 டிசம்பரில் சோளமாவின் விலை திடீரென இருமடங்குக்குமேல் ஏறிற்று; செப்புச் சுரங்க நகரங்களில் கலகம் மூண்டு உயிர்கள் போயின. அரசாங்கம் விலையை மீண்டும் இறக்கியது, ஆயினும் க்வாச்சா நாணயத்தின் மதிப்பு நிற்கவில்லை. மறு வருஷம் நாங்கள் போத்ஸ்வானாவுக்குப் பெயர்ந்தோம். அங்கே வருஷங்கள் சௌகரியமாகக் கழிந்தன, சொல்ல விசேஷமில்லை. கணவர் அங்கேயே காலமானார்.

சென்ற 2025 ஆடியில், பாகப் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்காக, மன்னை எக்ஸ்பிரஸில் விடியற்காலம் வந்து இறங்கினேன். நான் சிறுமியாயிருந்தபோது நீடாமங்கலத்துக்குப் போய்க்கொண்டிருந்த சின்ன ரயில் பின்னர் நின்றுபோய், 2011-இல்தான் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது என்று அண்ணன் சொன்னார். ஹரித்ராநதி மட்டும் மாறவில்லை. ஏறத்தாழ 23 ஏக்கர் பரப்பில், நடுவே வேணுகோபாலன் சந்நிதியைத் தாங்கிக்கொண்டு, அதே நிதானத்தோடு கிடந்தது. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்து பாமணியாற்றில் தண்ணீர் ஓடியது. ஆனால் அந்தத் தண்ணீர் தரவேண்டிய தைரியம் அண்ணன் முகத்தில் இல்லை. காலையில் கைப்பேசியில் மேட்டூர் அளவைப் பார்த்தார். கூடவே குடகில் மழை எப்படி என்று பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். கிட்வே கொல்லைகளில் கண்ட அதே பார்வையைப் எங்கள் வீட்டுத் திண்ணையில் காண்பேனென்று நான் எண்ணியதில்லை.

மண்ணுக்கடியில் மீத்தேன் எடுக்க 2010-இல் இந்தப் பிரதேசத்தில் ஒப்பந்தம் ஆனதையும், இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் அதை எதிர்த்து ஊர் ஊராகப் பிரசாரம் செய்தபடியே 2013 டிசம்பர் 30-இல் அத்திவெட்டியில் உயிர் நீத்ததையும், 2020-இல் இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமானதையும் அண்ணன் விவரித்தபோது, நான் அவருக்குக் கிட்வேயின் கருமலையைப் பற்றிச் சொன்னேன்: உருக்கிய கசடைக் கொட்டிக் கொட்டி மலையாய் எழுந்தது, கந்தக நெடியில் என் பிள்ளைகள் இருமிய இரவுகள், பக்கத்து முஃபுலிராவில் 1970-இல் மேலே தேக்கியிருந்த சேறு சுரங்கத்துக்குள் இடிந்து பாய்ந்து 89 பேர் மாண்டது. அவர் வெகுநேரம் பேசவில்லை. “அந்த ஊர்லே நெல்லு உண்டா?” என்று கடைசியில் கேட்டார். மோங்குவைச் சொன்னேன். அதன் வாசனை எந்த ரகத்தைப் போலிருக்கும் என்று விசாரித்தார். சீரகச் சம்பாவைவிடச் சற்றுக் குறைவு என்றேன்.

மறுநாள் கொல்லையில் பறங்கிக் கொடி படர்ந்திருக்கக் கண்டு, கொழுந்திலைகளைப் பறித்துவந்து, வேர்க்கடலையை வறுக்காமல் இடித்துப் போட்டு, கிட்வேயில் கற்றுக்கொண்ட ‘இஃபிஸாஷி’யைச் சமைத்தேன். பதினான்கு வருஷம் அங்கே மன்னார்குடிச் சமையலைத் தவிர வேறொன்றையும் விரும்பாதிருந்த நான், இந்த அடுப்படிக்கு வந்ததும் கை தானாக அதற்குப் போனது ஏனென்று எனக்கே புரியவில்லை. அண்ணி ருசி பார்த்தார். கீரைக் கூட்டுதானே, ஆனால் வேறே என்னவோ என்றார். பேத்திகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். சாப்பாடானதும் அண்ணி ஒரு முறத்தில் மிச்ச இலைகளைக் கொண்டுவந்து வைத்து, “தண்டுலே இந்த நார் இருக்கே, அதை எப்படி உரிச்சே, காட்டு” என்றார். காம்பை ஒடித்து, நார் அறாமல் இலையின் முதுகு வரை இழுக்க வேண்டும். டைல்ஸ் தரையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டோம்.