பாரம்

கோயேச்சா லா மலையேற்றத்துக்காகத் தில்லி விடுதி அறையில் அவள் பையை முறைப்படியே அடுக்கினாள். உறங்குபை அடியில், கனமானவை நடுவில் முதுகையொட்டி, மழைக்கோட்டு உச்சியில். நனைந்தால் எளிதில் உலராத பருத்தி உடைகளை விலக்கினாள். ஆயினும் எடை 14 கிலோ. ஆய்வேட்டின் ஓர் இயலும் அதற்குரிய இரு தடித்த நூல்களும் உள்ளே இருந்தன. (மலைக்கு ஆய்வேட்டைக் கொண்டுசெல்லாத ஆய்வாளர் அரிது, அங்கே ஒரு பத்தியேனும் எழுதியவர் அதனினும் அரிது.) சுமையாளர் இருக்கிறார் என்ற எண்ணமே அத்துணிவைத் தந்தது.

மேற்குச் சிக்கிமில், ஏறத்தாழ 1,780 மீட்டர் உயரத்திலுள்ள யுக்சமில் நடை தொடங்குகிறது. கணவாயின் உயரம் ஏறத்தாழ 4,900 மீட்டர். சுமையில் பெரும்பகுதியை யாக்–பசுக் கலப்பினமான ஜோக்கள் தாங்கும். எஞ்சியது மனிதர் முதுகுக்கு. முதுகுச் சுமையை நெற்றியில் தாங்கும் பட்டைக்கு நேபாளியில் நாம்லோ என்று பெயர். சுமை பாரி, சுமப்பவர் பரியா. தமிழின் பாரமும் அதே வடமொழி மூலத்தினது. மொழியியல் மாணவிக்கு அவ்வுறவு மகிழ்வளித்தது, தன் பை அந்தப் பட்டையில் ஏறும் வரை. சுமையாளர் காலில் தேய்ந்த ரப்பர் காலணி. தமக்கென அவர் எடுத்துக்கொண்டவை ஒரு கம்பளியும் ஒரு நெகிழித் தாளும்.

பையைத் தானே சுமக்கலாம். அவருடைய கூலி போய்விடும். இறக்கச் சொல்லித் திறந்தாள். நூல்கள், மாற்றுக் காலணி, மூன்றாவது மேலுடை எல்லாம் தங்குமிடத்து அலமாரிக்குச் சென்றன. எடை 10 கிலோவானது. கூடுதலாக இருந்த கம்பளிக் காலுறைகளை அவரிடம் நீட்டினாள்.

“வைத்துக்கொள்ளுங்கள், தங்கையே. ஜோங்ரி குளிருக்கு அவை உங்களுக்கே போதா” என்றார் அவர், நாம்லோவைச் சரிசெய்தபடி.