ஆல்தோவும் பட்டும்

அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த எங்களுக்கு 'பட்' என்றாலே பட்டுதான் நினைவுக்கு வரும். ஆங்கில வகுப்பில் 'ஆல்தோ' என்று தொடங்கினால் நடுவில் ஒரு 'பட்' போடாமல் எங்களால் இருக்க முடிவதில்லை. "இரண்டில் ஒன்று போதும்" என்பார் சிஸ்டர். தமிழில் 'மழை பெய்தும் வந்தோம்' என்கையில் 'உம்' வினையின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்திலோ ஆல்தோ வாக்கியத்தின் தலையிலேயே வந்து நிற்கிறது. நடுவில் வருவதற்குள் அதை மறந்துவிடுகிறோம் போலும்!

ஒருநாள் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசச் சொன்னார். எங்களில் ஒருத்தி எழுந்தாள். அப்பா பட்டு நெய்தும் அம்மா கட்டுவது நூல் சேலைதான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நடுவில் 'பட்' வரவில்லை. சிஸ்டருக்குத் திருத்த எதுவுமில்லை. நாங்கள் யாரும் கைதட்டவுமில்லை. எங்களில் பலர் வீட்டிலும் அதே சேலைதான்.