எது புதியது?

பத்துமலையைக் காட்டும் பழைய அஞ்சலட்டை ஒன்றைப் பாருங்கள். அது 2000ஆம் ஆண்டுக்கு முன் அச்சானதாக இருந்தால், அதில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை இருக்காது. அச்சிலை 2006 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. 272 படிகளிலும் இன்றைய வண்ணங்களைக் காண முடியாது. அவை 2018 ஆகஸ்டில் தீட்டப்பட்டவை. அட்டை பொய் சொல்லவில்லை. அது அச்சான பிறகு பத்துமலை மாறிவிட்டது, அட்டை மாறவில்லை.

கணினி நிரல்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. நிரலர் எழுதுவது மூலக் கோப்பு. அதைத் தொகுப்பி என்னும் மென்பொருள், கணினி இயக்கக்கூடிய மற்றொரு கோப்பாக மாற்றித் தருகிறது. மூலத்தைத் திருத்திவிட்டு மீண்டும் தொகுக்க மறந்தால், பழைய நிரலே இயங்கும்.

1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஸ்டீவ் ஜான்சனுக்கு இதுவே நேர்ந்தது. ஒரு காலைப் பொழுது முழுவதும் தம் நிரலில் பிழையைத் தேடினார். பிழையோ முன்பே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்புதான் தொகுக்கப்படவில்லை. சரியான நிரலிலேயே குற்றம் தேடிக் களைத்த அவர், சினத்தோடு ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்தார். முந்தைய மாலையில் ஃபெல்ட்மனும் இதே தொல்லையில் சிக்கியிருந்தார். அந்த வார இறுதியிலேயே அவர் 'மேக்' என்னும் கருவியை உருவாக்கினார்.

மேக் கேட்கும் கேள்வி எளியது: மூலக் கோப்பு, அதிலிருந்து உருவான கோப்பு ஆகிய இரண்டில் எது கடைசியாக மாற்றப்பட்டது? மூலம் புதியதாக இருந்தால் மீண்டும் தொகுக்கும், இல்லையேல் விட்டுவிடும். ஆயிரம் கோப்புகளில் ஒன்று மட்டும் மாறினால், அதையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டுமே புதிதாக உருவாக்கும். இக்கருவிக்காக ஃபெல்ட்மன் 2003ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் விருதைப் பெற்றார்.

ஆயினும், மேக் நம்புவது கோப்பின் நேரத்தை மட்டுமே. கணினியின் கடிகாரம் தவறினால் அதன் முடிவும் தவறும். புதிய கோப்பு என்பதாலேயே அதில் பிழையில்லை என்றும் கொள்ள முடியாது.

மாணவர்களுக்கும் இது புதிதன்று. இடுபணியை இரவெல்லாம் திருத்திவிட்டு, திருத்துவதற்கு முன் உருவாக்கிய பிடிஎஃப் கோப்பை ஆசிரியருக்கு அனுப்புவோர் உண்டு. உழைப்பு ஒரு கோப்பில் இருக்கும். மதிப்பெண் மற்றொன்றுக்குக் கிடைக்கும். அனுப்பும் முன் இரு கோப்புகளின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நொடி போதும்.